அம்மா படிக்கறாங்க

பீங்கான் பொம்மைப் பட்டறையில் பகலெல்லாம் வர்ணம் தீட்டிவிட்டு வந்த ரிஸ்வானா, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேறினால்தான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை ஆக முடியும்.

“அம்மாகிட்ட போவணும்,” என்று கூடத்தில் நான்கு வயது அர்ஃபா சிணுங்கினாள்.

“அம்மா படிக்கறாங்க. நீ சோத்த சாப்ட்டு அத்தாவுக்குத் தட்டக் காட்டு, பாப்போம்,” என்றான் ஹமீத்.

சாப்பிட்டாள். அவனிடம் கதை கேட்டாள். பிறகு கண்ணைக் கசக்கினாள்.

“தூக்கம் வருது. தூக்குங்க அத்தா.”



“அம்மா டீச்சராவட்டும் செல்லம். அப்புறம் தூக்குனா எறக்கவே மாட்டேன்.”

“அதுவரைக்கும் நான் ஒங்களத் தூக்கிக்கறேன்.”

பீங்கான் ஜாடியில் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள் அர்ஃபா.

குவைத்தில், ஹமீதின் திரை முழுக்க அவள் கவுனின் பூக்கள் தெரிந்தன.