இரண்டாவது மாடி அக்கா

"குடத்தைக் கீழ வைங்கக்கா. இந்த ஒடம்பை வெச்சிக்கினு இன்னாத்துக்குத் தண்ணி தூக்குறீங்க?"

முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டபடி மாடிப்படியில் வழிமறித்து நின்றாள் உம்மே ஹானி. ஆழ்வார்பேட்டையில் அந்தக் கட்டடத்துக்கு லாரித் தண்ணீர்தான். கொரோனா வந்து ஊரே அடங்கிக் கிடந்தாலும் குடம் தூக்குவது மட்டும் நிற்கவில்லை. முதல் மாடியில் உம்மே ஹானி. இரண்டாவது மாடியில் ஜெயபாரதியும் அவள் கணவர் சண்முகசுந்தரமும். தி.நகரில் இருந்த அவர்கள் துணிக்கடைக்கு ஊரடங்கு பூட்டுப் போட்டுவிட்டது.

"எனக்கென்ன ஹானி, நல்லாத்தான இருக்கேன்" என்றாள் ஜெயபாரதி.

நன்றாக இருக்கிறாளாம். யாரிடம் சொல்கிறாள்? மேல் பால்கனியில் நின்று அவள் ஃபோனில் பேசியதை உம்மே ஹானி தன் காதாலேயே கேட்டிருந்தாள். "மார்புல கட்டி, கேன்சர்னு ரிப்போர்ட்டே வந்திருச்சு. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா எப்படி டாக்டர்?" அன்று தொழுகைப் பாயில் அவள் அழுத அழுகை அல்லாவுக்குத்தான் தெரியும்.

மறுநாள் கேட்டபோது ஜெயபாரதி இல்லை என்று சொல்லவில்லை. "வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மட்டும் கண் கலங்கக் கெஞ்சினாள். ஊர் வம்பு பேசாமல் சோறு இறங்காத உம்மே ஹானி, இந்த ஒரு விஷயத்தில் தன் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. தினமும் மாதுளை ஜூஸ் பிழிந்து மேலே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

குடத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று ஏறினாள். உள்ளே நுழைந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேனுக்கு அடியில் சாய்வு நாற்காலியில் சண்முகசுந்தரம் சாய்ந்திருந்தார். கையில் டம்ளர். டம்ளரில் காலையில் அவள் பிழிந்து கொடுத்த ஜூஸ்.

"அண்ணே, அது அக்காவுக்குக் குடுத்தது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவங்க குடிக்கட்டும், ஹானி" என்றாள் ஜெயபாரதி அவசரமாக.

"நீங்க சும்மா இருங்கக்கா. நீங்க குடுக்கிற எடம்தான் இது. முடியாதவங்க தண்ணி தூக்கிக்கினு கீறாங்க, நீங்க ஒக்காந்துக்கினு ஜூஸ் குடிக்கிறீங்களே, நல்லாவா கீதுண்ணே?"

ஒரு புடவை பார்க்க வந்தவர்களை நான்கு புடவையோடு அனுப்புகிற வாய் அவருடையது. இப்போது தலையைக் குனிந்துகொண்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அப்போது ஃபோன் அடித்தது. ஈரக் கையோடு ஜெயபாரதி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவுலேர்ந்து அனுப்ரியா பேசறேம்மா."

கொரோனாவால் ஆபரேஷன்கள் தள்ளிப்போன காலம். ஆபரேஷன் நடக்கும்வரை மாத்திரை கொடுத்தால் கட்டி எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. வாராவாரம் ஃபோனிலேயே விசாரிப்பார்கள்.

"நல்ல சேதிம்மா. போன வாரம் எடுத்த ஸ்கேன்ல கட்டி பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. வேற எங்கயும் பரவல. இப்ப ஆபரேஷன் பண்ணிட்டா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. தேதியும் கிடைச்சிருச்சு. மார்பகப் பிரிவு வார்டுல வந்து சேர வேண்டியதுதான். எத்தனை தடவை கேட்டாலும் சம்மதமே வரலையேம்மா?"

ஜெயபாரதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உம்மே ஹானிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கிடைக்கிற உயிரைக் கை நீட்டி வாங்கத் தயங்குகிறாள் பைத்தியக்காரி. கொரோனாவையும் மறந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வெக்கமாக்கா? டாக்டருங்க முன்னாடி இன்னா வெக்கம்? உசுரு போனப்புறம் வெக்கத்தை வெச்சிக்கினு இன்னா பண்றது? உங்களையே நம்பிக்கினு இந்த வீட்ல ஒரு ஜீவன் கீது. அத்த நெனச்சுப் பாருங்க. சரின்னு சொல்லுங்கக்கா, நானும் கூட வரேன்."

ஜெயபாரதி உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் பார்த்தது கணவரைத்தான்.

சண்முகசுந்தரம் மெல்ல எழுந்து வந்தார். மனைவியின் கையிலிருந்த ஃபோனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேதியைக் குறிச்சுக்கோங்கம்மா, வர்றேன். மார்புல கேன்சர்னு ஒரு ஆம்பளை போய் எப்படிப் பொம்பளைங்க மத்தியில படுக்கிறதுன்னுதான் இத்தனை நாளா கூசிக்கிட்டு இருந்தேன்."