யாருலே அந்தப் பாவி?

திலக் நகரில் சொரிமுத்துவின் வீட்டில் நான்கு நாய்கள், ஒரு நொண்டிப் பூனை. தெருவில் யாராவது நாயைக் கல்லெடுத்து விரட்டினால்கூட அவர் சண்டைக்குப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மகன் ஹரி அவரை முதல் தடவையாக மகாலட்சுமி மைதானத்தில் நடந்த குதிரைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனான். குதிரைகளைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில்தான் போனார். ஹரி வற்புறுத்தவே, நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்த குதிரையின்மேல் கொஞ்சம் பணமும் கட்டினார். அது மயிரிழையில் ஜெயித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹரி தன் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். குதிரைகள் எல்லையை நெருங்கும்போது, அத்தனை இரைச்சலிலும் ஒரு குரல் மட்டும் தனியாக அலறியது.

“அடிலே! தோலு உரியட்டும், இன்னும் ஓங்கி அடி!”

சொரிமுத்து கொதித்துப்போனார். “யாருலே அந்தப் பாவி? வாயில்லா ஜீவனை அடிக்கச் சொல்லுதான்! பேச்சைப் பாத்தா நம்ம ஊர்க்காரன் மாதிரில்லா இருக்கு. பக்கத்துலதான நின்ன, ரெண்டு சாத்து சாத்திருக்க வேண்டாமா?”

ஹரி சங்கடத்தோடு போனை அணைத்தான்.

“மாமா, நெஜமாவே ஞாபகம் இல்லையா? அது நீங்கதான்.”

காலடியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து அவர் கையை நக்கியது. சொரிமுத்து கூசிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.