நடையில் ஐந்து அங்குலம்

"ரேடியேட்டர் ஹீட்டரே போதும்ங்க. பன்னீர்செல்வம் அண்ணன் சுவத்துல மாட்டுறதுக்குத் தயாரா நிக்கிறாரு" என்றாள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், குன்னூரில் முடியும் தறுவாயில் இருந்த புது வீட்டுக்குள் நின்றபடி.

"மாட்ட வேணாம். ஸ்கர்ட்டிங் ஹீட்டர்தான் போடணும்னு சொன்னேன்ல" என்றான் கலீலுர் ரஹ்மான், புஜைராவில் தன் அறையிலிருந்து.

வளைகுடாவில் இருப்பவர்கள் வீடு கட்டுவதெல்லாம் இந்த வீடியோ காலில்தான். கடைக்கால் தோண்டியது முதல் கான்கிரீட் போட்டது வரை கலீல் போனிலேயே மேற்பார்வை பார்த்தாயிற்று. துறைமுக வேலையை முடித்துக்கொண்டு இன்னும் பத்து நாளில் ஊரோடு வந்துவிடப் போகிறான். அவன் சாமான்களையெல்லாம் அறை நண்பர்களே ஒரு பெட்டியில் கட்டி, லீவில் போன சாதிக் பாட்ஷாவிடம் கொடுத்தனுப்பினார்கள். அது போன வாரமே குன்னூர் வந்து சேர்ந்துவிட்டது.

மகள் ஆமிராவுக்குக் குளிர் பட்டால் இழுப்பு வந்துவிடும். அதனால் ஹீட்டர் இல்லாமல் குடிபோக முடியாது.

"அந்த ஸ்கர்ட்டிங்குல அப்படி என்ன உசத்தி?"

"சுவரோட அடியில பட்டை மாதிரி சுத்தி ஓடும். கட்டைவிரல் கனம்தான். ரேடியேட்டர்னா அஞ்சு அங்குலம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். நம்ம ரூமுக்குப் போற நடையோட அகலமே மூணடி."

"மிச்ச இடத்துல உங்களால நடக்க முடியாதா? அவ்வளவு குண்டாவா ஆயிட்டீங்க?"

கலீல் சிரித்து வைத்தான். போனை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தான். "கட்டில், பீரோ எல்லாம் கொண்டுபோக வேணாமா?"

"கட்டிலும் பீரோவும் தினமுமா போயிட்டு வரும்?"

"ஆமிரா ஓடி வந்து இடிச்சுக்குவா."

"பன்னெண்டு வயசாச்சு அவளுக்கு. சோபாவ விட்டு எந்திரிச்சாலே அதிசயம்."

அவள் விடுவதாக இல்லை.

"ஸ்கர்ட்டிங் வர எட்டு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் புள்ள வாடகை வீட்டுக் குளிருல மூச்சு வாங்கிட்டுக் கெடக்கவா?"

"உங்க அக்கா வீட்ல ஒரு வாரம் இருக்கட்டும்."

"ரேடியேட்டர்னா இன்னைக்கே முடிஞ்சிடும். அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? அதையாவது சொல்லுங்க."

"நான் ஒண்ணு கேட்டா செய்யமாட்டியா? அந்த நடைய மட்டும் அடைச்சிடாத, ஃபிர்தௌஸ்."

அவன் குரல் உடைந்தது. பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டறியாத குரல். பன்னீர்செல்வத்தைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பெட்டியப் பிரிச்சேன்" என்றாள் மெதுவாக.

"ம். ஆமிராவுக்கு ஸ்வெட்டர் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு. உங்க டூட்டி ஷூவும் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை செருப்பு, ரூம் செருப்பு எல்லாமே இருந்துச்சு. காலுல போட ஒண்ணுகூட மிச்சம் வைக்காமக் கட்டிட்டாங்க உங்க கூட்டாளிங்க."

கலீல் கண்ணை மூடிக்கொண்டான்.

"அல்லாஹ் மேல ஆணையிட்டு சாதிக் அண்ணன்கிட்ட கேட்டேன். துறைமுகத்துல நடந்ததையெல்லாம் சொல்லி அழுதுட்டாரு. உங்க வாயால சொல்லுவீங்கன்னுதான் இவ்வளவு நேரமும் மல்லுக்கட்டுனேன்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல, புள்ள."

"சொல்ல வேணாம். இதப் பாருங்க."

அவள் கேமராவைத் திருப்பினாள். நடைச் சுவரை ஒட்டி ஸ்கர்ட்டிங் ஹீட்டர் பட்டைகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. வாசலில் இருந்த மூன்று படிகளும் காணாமல் போய், அந்த இடத்தில் சிமெண்ட் சரிவு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"ஆமிரா தன் சைக்கிளத் தள்ளிட்டு நம்ம ரூம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டா" என்றாள் ஃபிர்தௌஸ். "உங்க வீல்சேர் எங்கயும் இடிக்காது, வாங்க."