சப்போஸ் பாடம்

"ஐ ஆம் சப்போஸிங் டு ரெய்ன், சார்!"

"நிறுத்து! மழையை நீ சப்போஸ் பண்றியா, இல்லே, மழை உன்னை சப்போஸ் பண்ணுதா?"

ஆங்கில வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியும் வீட்டு முன்னறையில் கோட்டு போட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துவார். கரும்பலகை உண்டு, கைமணி உண்டு. மாணவர் பட்டாளம் மட்டும் ஒரே ஒருவனோடு நின்றுவிட்டது. அந்த ஒருவனுக்கும் காதோரம் நரைத்திருந்தது.

"சப்போஸ்னா என்ன? கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லு."

"வச்சுக்குவோம்னு அர்த்தம் சார்."

"எதை வச்சுக்குவோம்?"

"இல்லாததை, இருக்கறதா வச்சுக்குவோம்."

"அர்த்தம் தெரியுது, வாக்கியம் வரலே. மக்குப் பிளாஸ்திரி! உனக்கு எங்கே வேலை?"

இதைத் தினமும் கேட்டு மட்டம் தட்டாவிட்டால் வாத்தியாருக்குப் பொழுது போகாது.

"காலேஜ்ல சார்."

"பியூனா?"

மாணவன் தலையைச் சொறிந்தான். "அந்த மாதிரிதான் சார்."

"அதானே பார்த்தேன். உன் இங்கிலீஷுக்கு அதுவே அதிகம்."

தேநீரோடு உள்ளே வந்த வாத்தியாரின் மனைவி சிபாரிசுக்கு வந்தாள். "விடுங்களேன். தம்பி நாளைக்குச் சொல்லிட்டுப் போகட்டும்."

"நீ சும்மா இரு. மாசக்கணக்கா ஒரே சப்போஸ்! உலகத்துல எவனாவது இப்படி ஒரு வார்த்தையைப் போட்டு இழுப்பானா? என் பேரு என்ன ஆகறது?" வாத்தியார் பிரம்பால் மேஜையைத் தட்டினார். "இதான் கடைசி. இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, நாளையிலேருந்து என் வாசப்படி ஏறக் கூடாது."

மாணவனின் முகம் வெளிறியது. "திட்டுங்க சார். பெஞ்சு மேல நிக்க வைங்க. வராதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப ஒழுங்காச் சொல்லு."

மாணவன் கரும்பலகையைப் பார்த்தான். பிறகு வாத்தியாரின் முகத்தைப் பார்த்தான். அதுவரை இருந்த திக்கல், திணறல் எதுவும் இல்லாமல் கேட்டான்: "சப்போஸ் யூ ஹேட் எ சன், சார். வாட் வுட் யூ டெல் ஹிம்?"

தேநீர்த் தட்டு மேஜையில் இடித்துக் கொஞ்சம் சிந்தியது.

"அடி சக்கை!" வாத்தியார் எழுந்தே விட்டார். "எனக்கோ பிள்ளை குட்டி கிடையாது. இல்லாத மகனை இருக்கறதா வச்சுக்கிட்டு, அவன்கிட்டே என்ன சொல்வீங்கன்னு கேக்கறே பாரு, இதான்யா சப்போஸ்!"

"அதுக்குப் பதில் சார்?"

"பதிலா? இல்லாதவன்கிட்டே என்னத்தைப் பேசறது?" அவர் மணியை எடுத்துக் கணகணவென்று ஆட்டினார். "நீ பாஸ். பாடம் முடிஞ்சுது. நாளையிலேருந்து வர வேணாம்."

மாணவன் பதறிப்போனான். "ஐயோ, தூங்கி எழுந்தா எல்லாம் மறந்துடும் சார்!"

வாத்தியார் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "மறதி பொல்லாத வியாதிப்பா. என்னைப் பாரு, இந்த வயசுலயும் ஒரு எழுத்து மறந்ததில்லே. சரி, நாளைக்கும் வந்து தொலை."

கோட்டுப் பித்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு அவர் உள்ளே படுக்கப் போனார். மாணவன் கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். வாத்தியாரின் மனைவி கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏண்டா, இன்னிக்கு எதுக்குச் சரியாச் சொல்லித் தொலைச்சே? மகன்னு சொல்லிக்கிட்டு வந்தன்னிக்கு, எவனோ திருடன்னு கதவைச் சாத்தினவரு. காலேஜ்ல பசங்களுக்கு நீ நல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துக்கோ. இங்கே மட்டும் தப்பாவே சொல்லுடா. பாடம் முடிஞ்சுட்டா, அப்புறம் எந்தச் சாக்கைச் சொல்லி உங்கப்பா பக்கத்துல உக்காருவே?"