உப்பு தூவாத தட்டு

வரிசையின் கடைசியில் நின்றவரைப் பார்த்ததும் பெரியவரின் கையிலிருந்த ஜல்லிக்கரண்டி எண்ணெய்ச் சட்டிக்குள் நழுவியது.

சம்பந்தி.

இன்னும் முறைப்படி சம்பந்தி ஆகவில்லை. அடுத்த மாதம்தான் மகளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். "சும்மா உட்காரப் பிடிக்கல சம்பந்தி. ஒரு கம்பெனிக்கு ஆலோசனை சொல்லிட்டிருக்கேன்."

அந்தக் கம்பெனி இதுதான். நான்கு சக்கரம், ஒரு ஜன்னல், கொதிக்கும் எண்ணெய்.

நிமிர்ந்தால் கூரை தலையில் இடிக்கும். சொந்தக் கடையை இழுத்து மூடும்வரை யாருக்கும் வளையாத முதுகு, இங்கே மாலை முழுக்கக் குனிந்தே நிற்கும். மனைவிக்குக்கூடத் தெரியாது. சலவைச் சட்டையில் வீட்டை விட்டுக் கிளம்பி, வண்டிக்குள் வந்து மாற்றிக்கொள்வார். திரும்பும்போது பேருந்து நிலையத்துக் குழாயில் எண்ணெய் வாடை போக முகம் கழுவிக்கொள்வார்.

மைதானம் முழுக்கச் சாப்பாட்டு வண்டிகள். ஊரே திரண்டு வந்து வண்டி வண்டியாக ருசி பார்த்துக்கொண்டு நடந்தது. ஒருவன் இறைச்சி வாட்டும் புகையைப் படம் பிடித்தான். ஒருத்தி வாயில் வைக்குமுன் தட்டைப் படம் பிடித்தாள். போன் இந்த ஜன்னல் பக்கம் நீண்டால் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இத்தனை நாளும் அவர் பயந்தது படத்துக்குத்தான். ஆளே வந்து நிற்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இந்நேரம் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். தினமும் போகிறவர்தான். இன்று கூட்டம் அதிகம், வண்டிக்காரப் பெண் ஒண்டியாகத் திணறுவாளே என்று நின்றுவிட்டார்.

தொப்பியைப் புருவம்வரை இழுத்தார். முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றினார். போன வாரம் மாட்டிய சின்ன ஃபேன் முதுகில் காற்றடித்தும் வியர்த்துக் கொட்டியது.

பின்கதவு வழியாக ஓடிவிடலாமா?

அவர் பரம்பரையில் யாரும் ஓடியதில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றதும் இல்லைதான்.

'உங்கப்பா ரோட்டுல உருளைக்கிழங்கு பொரிக்கிறாராமே?' கல்யாணப் பந்தலில் யாரோ மகளிடம் கேட்பது இப்போதே காதில் விழுந்தது. அதுவும் பந்தல் என்ற ஒன்று இருந்தால்தானே!

வரிசை நகர்ந்தது.

"என்ன பெரியப்பா, கை இப்படி நடுங்குது? சுட்டுக்கிட்டீங்களா?" வண்டிக்காரப் பெண் மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். குரல் வெளியே வந்தால் குடி முழுகிவிடும்.

சம்பந்தி ஜன்னலுக்கு வந்துவிட்டார். விலைப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்வை அதைவிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை. பிறகு வாய் திறக்காமல் உருளைக்கிழங்குப் படத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் விரலும் நடுங்கியது.

வயசாகிறது அவருக்கும், என்று நினைத்துக்கொண்டார் பெரியவர்.

பொரித்ததை அள்ளினார், வடித்தார், காகிதத் தட்டில் போட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

நீட்டிய பிறகுதான் உறைத்தது. உப்பு தூவவில்லை.

நிச்சயதார்த்தப் பந்தியில் சம்பந்தியம்மா, "அவருக்கு உப்பே ஆகாது, பார்த்துப் போடுங்க" என்று சத்தம் போட்டது இந்தப் பாழாய்ப்போன கைக்கு நினைவிருந்திருக்கிறது. ஒருவர் சொல்லாமலே உப்பை நிறுத்த வண்டிச் சமையல்காரனுக்கு எப்படித் தெரியும்?

சம்பந்தி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

பெரியவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இனி நடப்பது நடக்கட்டும்.

திறந்தபோது ஜன்னலில் வேறொரு முகம். சம்பந்தி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், கூட்டத்துக்குள் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

கூட்டம் சற்று ஓய்ந்ததும் வண்டிக்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்த மனுஷனை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பெரியப்பா? வரும்போதெல்லாம் 'உப்பு போடாதம்மா, உப்பு போடாதம்மா'ன்னு என் உசிரை எடுப்பாரு. இன்னைக்கு வாயே திறக்கல. நீங்களும் கேட்காமலே எடுத்து நீட்டுறீங்க!"

"வரும்போதெல்லாமா?"

"அடிக்கடி வருவாரே. அந்த விளக்குக் கம்பத்துக்குப் பின்னாடி நிப்பாரு. நீங்க டீக்குக் கிளம்பினப்புறம்தான் வரிசைக்கே வருவாரு. இன்னைக்கும் போயிருப்பீங்கன்னு நெனச்சிட்டாரு போல." அவள் அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். "வந்தா மொதல்ல உங்களைத்தான் விசாரிப்பாரு. இந்த ஃபேன்கூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான். யாருக்கும் சொல்லாதேன்னாரு. ஐயோ, சொல்லிட்டேனே!"

பெரியவர் எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபேன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கூட்டம் அதைவிட அதிகம். ஆனாலும் டீ நேரம் வந்ததும், உப்பு தூவாத ஒரு தட்டை மூடி வைத்துவிட்டு அவர் வண்டியிலிருந்து இறங்கினார்.

விளக்குக் கம்பத்தை நிமிர்ந்த முதுகோடு கடந்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் நிற்பவருக்குத் தான் போவது நன்றாகத் தெரியட்டும் என்று, மெதுவாக நடந்தார்.