அசையாமல்

காற்று நின்றுவிட்டது.

பாய் தொங்கிப்போயிற்று. எல்லைக்கோட்டுக்கு இன்னும் இரண்டு படகு நீளம்தான் பாக்கி.

அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

கரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று எழுவதற்கு முன் சென்னைக் கடலுக்கு இப்படி ஒரு சோம்பல் வரும். வரட்டும். இன்றைக்கா வரவேண்டும்?

ஆசியப் போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம். இது கடைசிப் பந்தயம். மற்ற படகுகளெல்லாம் எங்கோ பின்தங்கிவிட்டன. மிச்சம் இரண்டு பேர். முதலில் கோட்டைத் தாண்டுகிறவள் போட்டிக்குப் போவாள், மற்றவள் வீட்டுக்குப் போவாள்.

மற்றவள் அவளுடைய தங்கை இசபெல். இருவருக்கும் வீடு ஒன்றுதான்.

காற்றில்லாத நேரத்தில் உடம்பை ஆட்டிப் படகை நகர்த்தக் கூடாது. ஆட்டினால் பாய் விசிறியாகிவிடும். பாய்மரப் பந்தயத்தில் அதற்குப் பெயர் திருட்டு.

இந்தப் பந்தயத்தின் தொடக்கத்திலேயே அவள் இடுப்பு கொஞ்சம் ஆடிவிட்டது. நடுவர் விசில் ஊதி மஞ்சள் கொடியை நீட்டினார். தண்டனையாக நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லோரையும் மறுபடி முந்திக்கொண்டு வந்திருக்கிறாள். இன்னொரு விசில் வந்தால் பந்தயத்தை விட்டே வெளியேற வேண்டும்.

நடுவரின் ரப்பர் படகு பக்கத்தில்தான் மிதந்தது. ஆனால் பாய்க்கு அந்தப் புறம். குனிந்தால் தெரியும். குனிந்தால் படகு ஆடும்.

வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

முதலில் லேசாகத்தான். பிறகு உள்ளே யாரோ துணி பிழிவதுபோல் முறுக்கியது. காலை ஒரு முறை நீட்டி மடக்கினால் போதும். நீட்ட இடமும் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

ஐந்து முறை தேசிய சாம்பியன். வீட்டுச் சுவரில் படம் மாட்ட இடமில்லை. பாதிப் படங்களில் அவளுக்கு ஒரு படி கீழே இசபெல் நிற்பாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. தோற்றுவிட்டு யார் அப்படிச் சிரிப்பார்கள்? அந்தச் சிரிப்பை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

வலி தொடைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

பின்னாலிருந்து மெல்லிய குரல்.

"யக்கா, அந்தாளு பாக்கல. கால நீட்டிக்கோ."

இசபெல் ஒரு படகு நீளம் பின்னால் இருந்தாள். அங்கிருந்து பாய்க்கு இரண்டு பக்கமும் தெரியும்.

நம்பி நீட்டலாம். விசில் அடிக்கும். இசபெல் விமானம் ஏறுவாள். வீட்டில் கேட்டால், நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பாள். அம்மாவும் நம்புவாள்.

அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் காலை நீட்டவில்லை.

கடைசியில் காற்று பின்னாலிருந்து வந்தது. இசபெலின் பாய்தான் முதலில் நிறைந்தது. அவள் படகு சரசரவென்று பக்கத்தில் ஏறி வந்தது. இரண்டு படகின் மூக்கும் சமமாயின. அதற்குள் அக்காவின் பாயும் காற்றைப் பிடித்துக்கொண்டது.

எல்லைப் படகில் ஹாரன் அடித்தார்கள். ஒரு முழ வித்தியாசம். வெற்றி அக்காவுக்குத்தான்.

துள்ளவேண்டும் என்றுதான் நினைத்தாள். காலைப் பிடித்துக்கொண்டு படகுக்குள்ளேயே சரிந்துவிட்டாள். கயிறு கைநழுவிப் பாய் வெளியே வீசிப்போனது. ரப்பர் படகு முழுசாகத் தெரிந்தது.

நடுவர் மல்லாந்து படுத்திருந்தார். தொப்பி முகத்தின் மேல். ஹாரன் கேட்டுத் தொப்பியை எடுத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். எப்போது தூங்கினாரோ, எத்தனை நேரமோ.

இசபெலுக்குத் தெரிந்திருக்கிறது.

உடம்பை ஆட்டி முந்தியிருக்கலாம். அவளும்தான் அத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இசபெல் படகை ஒட்டிக் கொண்டுவந்தாள். எட்டி அக்காவின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து, கெண்டைக்காலை நீவிவிட்டாள். முகத்தில் பல் தெரிய அதே சிரிப்பு.

வலி சீக்கிரமே விட்டுவிட்டது.

விட்டுவிட்டது என்று அவள் சொல்லவில்லை. காலை எடுத்துக்கொள்ளவும் இல்லை.