நெஞ்சளவு

சீனப் படை எல்லைக்குள் நுழைந்து ஒரு மாதமாகியிருந்தது. தென்காசி சந்தைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்த பரமசிவம், மசூது பாயின் தாடையில் சோப்பு நுரையைப் பூசியபடி யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"நம்ம பட்டாளம் கடல் மாதிரி பாய். சீனாக்காரன் பத்து நாள் தாங்க மாட்டான்."

"நம்மாளுவ பின்வாங்குதாவன்னுல்லா ரேடியோவுல சொல்லுதான்?"

"அவன் கெடக்கான். நம்மகிட்ட ஆளுக்கா பஞ்சம்?"

"அதுவும் சரிதான். ஒத்த மவனையே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற எடத்துக்கு அனுப்பியிருக்கீரு. பெரிய மனசு வே உமக்கு!"

பரமசிவம் அடக்கமாகச் சிரித்தார். காலையில் அவர் மகனுக்குத் திருநீறு பூசி, மாலை போட்டு வழியனுப்பியதைத் தெருவே நின்று பார்த்திருந்தது.

சவரம் பாதியில் இருந்தபோது மகன் சுடலைமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான். மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது.

"யப்பா! என்னைய எடுத்துட்டாவ! நாளைக்கே ரயிலு!"

பரமசிவத்தின் கத்தி பாயின் கன்னத்தில் அப்படியே நின்றது.

"ஏலே, குத்தாலத்துல குளிச்சாலே ஒனக்குக் காய்ச்சல் வருமே! ரெண்டு தடவை நெஞ்சளவு பத்தலைன்னு திருப்பி அனுப்புனாவளே! இந்தத் தடவையும் அனுப்பிருவாவன்னு நம்பில்லாலே நான் மாலை போட்டேன்!"

"இப்ப அளவைக் குறைச்சிட்டாவப்பா. என்னையவிட நோஞ்சானெல்லாம் தேறிட்டான்."

பரமசிவம் கத்தியைக் கீழே வைத்தார்.

"பாய்," என்றார் மெதுவாக. "ரேடியோக்காரன் சொல்லுதது நெசந்தான் போலருக்கு."